முனைவர் பட்டத்தோடு முடிவதில்லை உளவியற் பயிற்சி

(கல்விக் கழக வெள்ளிவிழாவின் இளைஞர் அமர்வில் ஆற்றிய உரை)

வெள்ளிவிழா என்றால் கடந்து வந்த வழியைப் பேசுவது மரபு. அதனைப் பேசத் தகுதியுடைய பெரியோர் பலர் இம்மேடையில் வீற்றிருக்கின்றனர். நமக்கு ஒதுக்கப்பட்ட பொருள் வேறு. உளவியல் பயிலும் நம் பிள்ளைகளுக்கு முதுகலைக்கு மேல் என்னென்ன படிப்பும் பயிற்சியும் உள்ளன, முனைவர் பட்டம் பெற்ற பிறகு செய்யவேண்டுவது யாது, அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்பனவற்றைக் கூறுமாறு பணித்துள்ளனர்.

மருத்துவர், வழக்கறிஞர், ஆசிரியர், கிராம நிர்வாக அலுவலர் என்றால் நம் தெருக்களில் விளக்கம் வேண்டுவதில்லை. உளவியல் என்றால் மட்டும், "பைத்தியத்திற்குப் பார்க்கும் படிப்பா?" என்று கேட்கின்றனர். கேட்பவர்மீது குறையில்லை. மனநல மருத்துவர் என்பவர் மருத்துவப் பட்டம் பெற்று, மருந்து எழுதித் தருபவர். உளவியலாளர் மருந்து எழுதுவதில்லை. மனிதர் நினைப்பதும் அஞ்சுவதும் கற்பதும் மறப்பதும் எவ்வாறு என்று ஆராய்பவரும், பேச்சாலும் பயிற்சியாலும் துன்பம் தணிப்பவரும், சோதனைகள் வைத்து அளந்து அறிக்கை தருபவரும் அவரே. பள்ளியிலும் மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும் தொழிற்சாலையிலும் அவருக்கு வேலை உண்டு. இவ்வேலைகளில் நம்மவர் எண்ணிக்கை மிகக் குறைவு என்பதை நாம் அனைவரும் அறிவோம்.

இக்குறைவு நமக்கு ஏன் உறுத்தவேண்டும்? நம் காவிரிப் படுகையையே எடுத்துக்கொள்வோம். 2004-ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளியொன்றில் தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டனர். அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. 2016-17-இல் மழையும் ஆற்றுநீரும் ஒருங்கே பொய்த்துச் சம்பாப் பயிர் கருகியபோது, வயலைப் பார்த்த மாத்திரத்தில் நெஞ்சடைத்து வீழ்ந்தவர் செய்தியும் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர் செய்தியும் நாள்தோறும் வந்தன. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல் தென்னையையும் கூரையையும் ஒருசேரச் சாய்த்தது. ஒவ்வொரு முறையும் அரிசியும் பாயும் போர்வையும் வந்தன. மனம் சிதைந்தவர்க்கு வேண்டியதைச் செய்யத் தெரிந்தவர் வெளியூரிலிருந்தே வரவேண்டியிருந்தது. ஆழிப்பேரலைக்குப் பின் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் வந்து உள்ளூர்த் தொண்டர்களுக்கு உளசமூக ஆதரவுப் பயிற்சி அளித்தனர். நல்ல பணி, நன்றிக்குரிய பணி. எனினும் வந்தவர் திரும்பிச் செல்வர். கடற்கரை ஊர்களில் மீனவரோடு சேர்ந்து வாழ்விழந்த தாழ்த்தப்பட்ட கூலித் தொழிலாளர் நிவாரணப் பட்டியலில் பின்தள்ளப்பட்டனர் என்று அக்காலத்தில் உண்மையறியும் குழுக்கள் எழுதின. பட்டியலிலேயே இடம்பெறாதவரின் மனக்காயத்தை யார் கணக்கெடுப்பார்?

நிம்ஹான்ஸ் 2015-16-இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோருள் 10.6 விழுக்காட்டினர் அப்போது ஏதேனும் ஒரு மனநலக் கோளாற்றுடன் இருந்ததாகக் கண்டது. அவர்களுள் சிகிச்சை பெறாதோர், நோயின் வகைக்கேற்ப, 70 முதல் 92 விழுக்காடு. நம் நடவுத் தாய்மார் மருத்துவமனைக்குச் சென்றால் "மனச்சோர்வு" என்று கூறமாட்டார்கள். கை கால் குடைச்சல் என்பார்கள். நெஞ்சு படபடப்பு என்பார்கள். உச்சந்தலை எரிகிறது என்பார்கள். ஒரு வைட்டமின் மாத்திரையோடு அவர்கள் திரும்பி வருவதே பெரும்பாலும் நடக்கிறது. அச்சொற்களுக்குள் இருப்பதைச் செவிமடுக்க வல்லவர், அச்சொற்கள் புழங்கும் வீட்டில் பிறந்தவராக இருந்தால் வேலை எளிதாகும்.

மற்றொரு காரணமும் உண்டு. நமக்கு அதுவே பெரிதாகத் தோன்றுகிறது. அளவுகோல் எவர் கையில் இருக்கிறது என்பது அது. பிரான்சு நாட்டு பினே அமைத்த நுண்ணறிவுச் சோதனையை வி. வி. காமத் 1934-இல் கன்னடம், மராத்தி பேசும் குழந்தைகளுக்கேற்ப மாற்றியமைத்தார். எழுத்தறியாதவரையும் அளக்கும்பொருட்டுச் செயல்வழிச் சோதனைத் தொகுதியொன்றை சி. எம். பாட்டியா 1955-இல் வெளியிட்டார். மாலின் என்பவரின் அளவுகோல் 1969-இல் வந்தது. இவற்றை ஆக்கியோர் இந்நாட்டுச் சூழலை மனத்திற்கொண்டு உழைத்தவர்களே. ஆயினும் வகுப்பில் பின்தங்கிய ஒரு சேரிப் பிள்ளையை எதிரே அமர்த்தி இத்தகைய சோதனையை நடத்தி "மந்தம்" என்று ஒருவர் எழுதும்போது, அப்பிள்ளையின் வாழ்வு அவ்வரியிலேயே திரும்பிவிடுகிறது. அன்று காலை அப்பிள்ளை உண்டதா, கேள்வி கேட்டவரின் பேச்சு அதற்குப் புரிந்ததா, எதிரே அமர்ந்தவரைக் கண்டு அஞ்சியதா என்பன அறிக்கையில் இடம்பெறுவதில்லை.

அச்சம் அளவையைக் கெடுக்கும் என்பது வெறும் ஊகமன்று. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்னும் இருவர் உத்தரப் பிரதேசத்துக் கிராமங்களில் 6, 7-ஆம் வகுப்புச் சிறுவர் 642 பேரைக் கொண்டு ஒரு சோதனை செய்தனர். பாதிப்பேர் உயர்சாதியினர்; பாதிப்பேர் தாழ்த்தப்பட்டோர். தாளில் வரைந்த சிக்கல்வழிகளுக்கு வழி கண்டுபிடிக்கவேண்டும். கண்டுபிடித்த ஒவ்வொன்றுக்கும் காசு. எவர் என்ன சாதி என்று அறிவிக்காதபோது இரு சாராரும் ஏறத்தாழ ஒரேயளவு செய்தனர். அனைவர் முன்னிலையிலும் பெயரையும் சாதியையும் உரக்கப் படித்துவிட்டுச் சோதனை நடத்தியபோது, தாழ்த்தப்பட்ட சிறுவர் செய்தது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அறிவு அதே அறிவு. கை அதே கை. 2006-இல் அமெரிக்கப் பொருளியல் இதழொன்றில் இது வெளியாயிற்று. செய்தவர் இருவரும் பொருளியலார். உளவியலார் செய்திருக்கவேண்டிய ஆய்வைப் பொருளியலார் வந்து செய்ய நேர்ந்தது ஏன் என்று நம் பல்கலைக்கழகங்கள் சிந்திக்கலாம். சாதியின் இருப்பிடம் மனம் என்பதை அண்ணல் அம்பேத்கர் 1936-லேயே எடுத்துரைத்துவிட்டார். இந்திய உளவியலின் பாடநூல்களில் அப்பொருள் இன்றும் ஓர் ஓரத்திலேயே நிற்கிறது. கிராமத்து வறுமையையும் ஊக்கத்தையும் ஆராய்ந்து 1969-இல் நூலெழுதிய அலகாபாத்தின் துர்கானந்த் சின்கா போன்றோர் விதிவிலக்கு.

இனி வழிகளைப் பார்ப்போம். இந்நாட்டில் உளவியல் புதிய துறையன்று. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1916-இலும் மைசூரில் 1924-இலும் சென்னையில் 1943-இலும் தனித்துறை தோன்றிவிட்டது. நம் படுகையில் இருப்போர்க்கு இன்று அண்மையில் உள்ளவை இரண்டு. திருவாரூரை அடுத்த நீலக்குடியில், 2009-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்தில் பயன்முறை உளவியல் துறை இருக்கிறது. நாம் நாற்று நட்ட வயல்களின் நடுவில் அது நிற்கிறது. பேருந்தில் அதைக் கடந்து செல்லும் நம் பிள்ளைகளுள் பலர் உள்ளே என்ன கற்பிக்கிறார்கள் என்று அறியார். கொள்ளிடத்தைக் கடந்தால் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். சற்றுத் தொலைவு செல்ல இயலுமாயின் சென்னைப் பல்கலைக்கழகம், மாநிலக் கல்லூரி, புதுவைப் பல்கலைக்கழகம், கோவை பாரதியார் பல்கலைக்கழகம் ஆகியவற்றிலும் துறைகள் உள்ளன. முதுகலை வரையில் மெட்ரிக்குக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை உண்டு. பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சத்திற்கு மேற்படலாகாது.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லவேண்டும். வேலைக்குச் சென்றுகொண்டே அஞ்சல் வழியில் முதுகலை முடித்துவிடலாம் என்று பலர் எண்ணுகின்றனர். குடும்ப நிலை அவ்வாறு எண்ண வைக்கிறது. அஞ்சல் வழிப் பட்டம் சில வேலைகளுக்குப் போதும். ஆனால் மருத்துவ உளவியலில் மேற்பயிற்சி பெற எண்ணுவோரிடம் பல நிறுவனங்கள் நேரில் வகுப்பிற்குச் சென்று பெற்ற பட்டத்தையே கேட்கின்றன. விண்ணப்பிக்கும் நாளில் இதை அறிந்து கலங்குவதைவிட, சேரும் நாளிலேயே அறிந்திருப்பது நன்று.

முதுகலை முடித்ததும் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று நோயாளரிடம் பணிபுரியும் பாதை. மற்றொன்று ஆய்வும் ஆசிரியப்பணியும். முன்னதற்குச் சட்டம் வாயில் அமைத்திருக்கிறது. இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டம் 1992-இல் இயற்றப்பட்டது. அம்மன்றத்தின் பதிவேட்டில் பெயருடையவரே மருத்துவ உளவியலாளராகத் தொழில் நடத்தலாம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டமும் மருத்துவ உளவியலாளர் எவர் என்பதை வரையறுத்து, மன்றம் ஏற்ற பயிற்சியை, அல்லது முதுகலைக்குமேல் மேற்பார்வையுடன் கூடிய இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். பட்டத்தை வேண்டுகிறது. பல்லாண்டுகளாக அந்த இரண்டாண்டு எம்.ஃபில். படிப்பே வாயிலாக இருந்து வந்தது. பெங்களூருவில் 1954-இல் தோன்றிய அனைத்திந்திய மனநல நிறுவனம் மறு ஆண்டே இப்பயிற்சியைத் தொடங்கிற்று. பின்னர் 1974-இல் அதுவே நிம்ஹான்ஸ் ஆயிற்று. ராஞ்சியில் 1918 முதல் இயங்கும் மத்திய மனநோய் மருத்துவ நிறுவனத்திலும் இப்பயிற்சி உண்டு. தமிழ்நாட்டில் முட்டுக்காட்டில் உள்ள பல்வகை ஊனமுற்றோர்க்கான தேசிய நிறுவனமும் சென்னையில் சில தனியார் மருத்துவப் பல்கலைக்கழகங்களும் இதனை நடத்தி வந்தன. சேர்வதற்கு முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும், நமக்கு 50. அரசு நிறுவனங்களில் இடங்கள் மிகச் சில; தனியாரிடம் கட்டணம் இலட்சக் கணக்கில். நம் பிள்ளைகள் பலர் நின்றுவிடும் முதல் படி இது.

இப்படியே இப்போது இடம் மாறுகிறது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை எம்.ஃபில். பட்டத்தையே எடுத்துவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவும் 2022-இல் விதி வகுத்து அதனை நிறுத்திற்று. ஆனால் மருத்துவ உளவியலிலும் மனநலச் சமூகப்பணியிலும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை சேர்க்கை நடத்தலாம் என்று 2024 ஜனவரியில் அக்குழு விலக்களித்தது. வாயில் அடைபடுகிறதே என்று அஞ்சவேண்டியதில்லை. வாயிலின் பெயர் மாறுகிறது. எனவே விண்ணப்பிக்குமுன், எந்தப் படிப்பு மன்றத்தின் பதிவுக்கு உரியது என்பதை மன்றத்தின் அறிவிப்பிலேயே நேரடியாகப் பார்க்கவேண்டும். விளம்பரத் தாளில் "மருத்துவ உளவியல்" என்று அச்சிட்டிருப்பதனாலேயே அது பதிவுக்குரிய படிப்பாகிவிடாது. மூன்று மாதச் சான்றிதழ், ஆறு மாதப் பட்டயம் என்று விற்பவரிடம் நிலத்தை ஈடுவைத்துப் பணம் கட்டவேண்டா.

ஆய்வுப் பாதைக்கு வருவோம். இதற்கு 'நெட்' என வழங்கும் தேசியத் தகுதித் தேர்வே முதல் மதகு. உளவியலும் அதில் ஒரு பாடம். முதுகலையில் பிறர்க்கு 55 விழுக்காடு, நமக்கு 50. இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குரிய வயது வரம்பு 30; நமக்கு ஐந்தாண்டு தளர்வு. இத்தேர்வின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலுமே உள்ளது. குடந்தையிலும் தஞ்சையிலும் அரசு கலைக் கல்லூரிகளில் தமிழ்வழி பயின்று வரும் நம் பிள்ளைக்கு இது இரட்டைச் சுமை. பாடத்தை அறிந்திருந்தும் சொல்லை அறியாமல் தோற்பது கொடுமை. ஆதலின் இளங்கலையிலிருந்தே உளவியற் கலைச்சொற்களை இரு மொழியிலும் எழுதிப் பழகவேண்டும். தமிழ்வழி படித்ததற்காக ஒருவரும் வெட்கவேண்டியதில்லை. நாளை நம் மக்களிடம் பேசவேண்டிய மொழி அதுவே.

தேறியவர்க்கு 2023 ஜனவரி முதல் திங்கள்தோறும் 37,000 ரூபாய், ஈராண்டுக்குப் பின் 42,000 ரூபாய் என்று வகுத்துள்ளனர்; விடுதி வசதி இல்லையாயின் வீட்டு வாடகைப் படியும் உண்டு. பட்டியல் சாதியினர்க்கென்றே தேசிய ஆய்வு உதவித்தொகைத் திட்டமொன்று 2005-06 முதல் நடைபெறுகிறது. முன்பு ராஜீவ் காந்தி பெயரில் வழங்கிய திட்டம் அது. ஆண்டுக்கு 2,000 இடங்கள். தொகை அதே அளவு. தேர்வு 'நெட்' வழியாகவே. தமிழ்நாடு அரசும் முழுநேர முனைவர் பட்ட ஆய்வாளர்க்கு ஆண்டுக்கு ஓர் இலட்சம் ரூபாய் அளிக்கிறது. வேளாங்கண்ணிப் பக்கத்திலும் பூண்டிப் பக்கத்திலும் கிறித்தவராய் வாழும் நம் உறவினர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி அவர்கள் பட்டியல் சாதியில் சேரார். மத்திய அரசின் பட்டியல் சாதித் திட்டங்கள் அவர்களுக்கு இல்லை. மாநில அரசின் ஆதிதிராவிடர் நலத்துறையோ, மதம் மாறிய ஆதிதிராவிடர்க்கும் கல்வி உதவிகள் பலவற்றைத் திறந்தே வைத்திருக்கிறது. இந்த அநீதியைப் பற்றிப் பேச இன்று நேரமில்லை. திறந்திருப்பதையாவது விடாமல் பயன்படுத்துவோம்.

முனைவர் பட்ட ஆய்வுக்குக் குறைந்தது மூன்றாண்டு, மிகுதியாக ஆறாண்டு என்று 2022-ஆம் ஆண்டு விதி கூறுகிறது. பெண்களுக்கு மேலும் ஈராண்டு நீட்டிக்கலாம். மகப்பேற்று விடுப்பு 240 நாள் வரை உண்டு. திருமணம் ஆயிற்று, குழந்தை பிறந்தது, ஆய்வு நின்றது என்று நம் பெண்மக்களின் கதை முடிவதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டோம். விதியில் இடம் இருக்கிறது. மாமியார் வீட்டிலும் இடம் செய்து தரவேண்டியது இங்கு அமர்ந்திருக்கும் பெரியோர் கடமை.

பட்டம் வந்துவிட்டது. ஊர்ச் சுவர்களில் வாழ்த்துத் தட்டிகள் எழுகின்றன. "முனைவர்" என்று பெயருக்குமுன் சேர்க்கிறோம். உடனே வீட்டார், "இனி வேலைதானே?" என்கின்றனர். இந்த இடத்தில்தான் நாம் சற்று நிறுத்திப் பேச விரும்புகிறோம்.

முனைவர் பட்டத்திற்குப் பிந்தைய பயிற்சி என்பது மற்றொரு பட்டமன்று. அதற்குப் பட்டமளிப்பு விழாவும் கிடையாது. ஓரிரண்டு அல்லது மூன்று ஆண்டுகள், தாம் பயின்ற இடத்தை விட்டு வேறோர் ஆய்வகத்திற்கோ மருத்துவமனைக்கோ சென்று, வேறொரு மூத்தவரின் கீழ், இம்முறை மாணவராக அன்றி இளைய சக ஆய்வாளராக உழைப்பதே அது. நாற்றங்காலில் எவ்வளவு செழித்தாலும் நாற்று அங்கேயே நின்றால் கதிர் வாங்குமா? பறித்து, முடி கட்டி, வேறு வயலில் நடவேண்டும். நட்ட முதல் நாட்களில் வாடும்; பின்னரே வேர் பிடிக்கும். இதை நமக்குப் பிறர் விளக்கவேண்டியதில்லை. நெறியாளரின் பெயரால் அறியப்பட்டவர் தம் பெயரால் அறியப்படத் தொடங்குவது இவ்வாண்டுகளில்தான். சொந்தக் கேள்வியை எழுப்புவதும், ஆராய்ச்சி நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுவதும், பன்னாட்டு இதழ்களில் கட்டுரை வெளியிடுவதும் இக்காலத்தே கைவருகின்றன. உதவிப் பேராசிரியர் பணிக்கு ஆட்களை வடிகட்டும்போது பிந்தைய ஆய்வு அனுபவம் ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டு மதிப்பெண் என்று மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதியே கூறுகிறது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் முனைவர் பட்டம் பெற்ற உளவியலாளரும் மேற்பார்வையின்கீழ் குறித்த மணிநேரம் பணியாற்றிய பின்னரே உரிமம் பெறுவர். அங்கே "பிந்தைய பயிற்சி" என்னும் சொல் ஆய்வையும் குறிக்கும், மருத்துவப் பயிற்சியையும் குறிக்கும். விண்ணப்பிப்போர் இவ்வேறுபாட்டை அறிந்திருக்கவேண்டும்.

நம்மைப் போன்றே ஒதுக்கப்பட்ட மக்கள் இத்துறையில் ஏறிய வரலாறு ஒன்று சொல்லத்தக்கது. பிரான்சிஸ் சம்னர் என்பவர் 1920-இல் அமெரிக்காவின் கிளார்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அந்நாட்டில் உளவியலில் அப்பட்டம் பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே. பெற்றவர் அத்தோடு அமையாமல், கறுப்பினத்தார் பயின்ற ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் உளவியல் துறையை நிலைநிறுத்தினார். அவரிடம் பயின்ற கென்னத் கிளார்க் 1940-இல் கொலம்பியாவில் முனைவரானார். 1913-இல் பரோடா மன்னரின் உதவித்தொகையோடு அம்பேத்கர் சென்று பயின்ற அதே கொலம்பியா. கென்னத்தின் துணைவியார் மேமி கிளார்க் 1943-இல் அங்கேயே பட்டம் பெற்றார். இவ்விருவரும் ரோசன்வால்ட் நிதியத்தின் உதவித்தொகை கொண்டு கறுப்பினக் குழந்தைகளிடம் ஆய்வு செய்தனர். வெள்ளைப் பொம்மை ஒன்றும் கறுப்புப் பொம்மை ஒன்றும் காட்டி, எது நல்ல பொம்மை என்று கேட்டனர். பெரும்பாலான கறுப்பினக் குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைச் சுட்டினர். இனத்தால் பிரித்த பள்ளிகள் சட்டத்திற்கு மாறானவை என்று 1954-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, கென்னத்தின் ஆய்வறிக்கையையும் அடிக்குறிப்பில் எடுத்துக்காட்டிற்று. அக்கேள்வியைக் குழந்தைகளிடம் கேட்கவேண்டும் என்று அதற்குமுன் இருந்த பேராசிரியர் பலருக்குத் தோன்றவில்லை. மேமி கிளார்க்குக்கோ பட்டம் பெற்ற பின்னும் தகுதிக்கேற்ற பணி எளிதில் கிடைக்கவில்லை. 1946-இல் கணவரோடு சேர்ந்து ஹார்லெம் பகுதியில் குழந்தைகளுக்கான உளநல நிலையமொன்றைத் தாமே தொடங்கினார்.

நம் நாட்டில் இன்று பிந்தைய ஆய்வுக்குள்ள வாயில்கள் சில. மானியக் குழு முன்னர் பட்டியல் சாதி, பழங்குடியினர்க்கென ஆண்டுக்கு 100 இடங்கள் கொண்ட தனித்திட்டம் நடத்தி வந்தது. 2022-இல் அது அறிவித்தது டாக்டர் இராதாகிருஷ்ணன் பெயரிலான பொதுத்திட்டம்: 900 இடங்கள், திங்களுக்கு 50,000 ரூபாய், 30 விழுக்காடு பெண்களுக்கு. தனிமதகு போய்ப் பொதுமதகு வந்திருக்கிறது என்பதைக் கருத்திற்கொண்டு, அறிவிப்பு வரும் காலத்தைத் தவறாமல் பார்த்திருக்கவேண்டும். 1969-இல் அமைந்த இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம் ஈராண்டு பிந்தைய ஆய்வு உதவித்தொகை அளிக்கிறது. கல்வி, வறுமை, சாதி, தொழிலாளர் உளவியல் என்று சமூகம் சார்ந்த பொருள் உடையோர்க்கு அதுவே பொருத்தம். நினைவாற்றல், மொழி, மூளை என்று சோதனைக்கூடம் சார்ந்த பொருள் உடையோர், மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2008-இல் தொடங்கிய அறிதல் அறிவியல் திட்டத்தை நோக்கலாம். பொதுச் சுகாதாரம் சார்ந்த மனநல ஆய்வுக்கு அதே ஆண்டில் தோன்றிய இந்தியா அலையன்ஸ் நிதியம் உண்டு.

கடல் கடந்து செல்வோர்க்கு ஃபுல்பிரைட்-நேரு திட்டம் முனைவர் பட்டம் பெற்ற நான்காண்டுக்குள் விண்ணப்பிக்க இடந்தருகிறது. அதற்குச் சென்னையிலேயே அலுவலகம் உண்டு. ஐரோப்பாவின் மேரி கியூரி திட்டத்திற்குப் பட்டம் பெற்ற எட்டாண்டுக்குள். இவற்றில் சாதிவாரி இடமில்லை. இவற்றை வெல்வது பெரும்பாலும் ஒரு கடிதத்தால்: அங்குள்ள பேராசிரியர் ஒருவர் "இவரை ஏற்கிறேன்" என்று எழுதித் தரும் கடிதம். அக்கடிதத்தை நம்மவர் கேட்பதற்கே தயங்குகின்றனர். பெரியவர்க்கு நாமாக எழுதுவது மரியாதைக் குறைவாகுமோ என்னும் கூச்சம் நம் எலும்பில் இருக்கிறது. களத்துமேட்டில் கூப்பிட்டால் மட்டும் பேசவேண்டும் என்று நம் பாட்டன்மாரைப் பழக்கிய பழக்கத்தின் மிச்சம் அது. ஆய்வுலகில் முகமறியாதவர்க்கு எழுதிக் கேட்பதே நடைமுறை. பத்துப்பேர்க்கு எழுதினால் இருவர் மறுமொழி தருவர். எழுதாதவர்க்கு ஒருவரும் தரார்.

முதுகலைக்கும் முனைவர் பட்டத்திற்கும் வெளிநாடு செல்லப் பட்டியல் சாதியினர்க்கான தேசிய அயல்நாட்டு உதவித்தொகை 1954-55 முதல் உள்ளது. இப்போது ஆண்டுக்கு 125 இடங்கள். அவற்றுள் நான்கு நிலமற்ற விவசாயத் தொழிலாளர், மரபுவழிக் கைவினைஞர் ஆகியோர் குடும்பத்துக்கு. குடும்ப வருமானம் எட்டு இலட்சத்திற்குள், வயது 35-க்குள், தகுதிப் பட்டத்தில் 60 விழுக்காடு. 2022-இல் விதியைத் திருத்தி, இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய பொருள்களில் ஆய்வு செய்ய இவ்வுதவி கிடையாது என்றனர். சாதி மனத்தை என்ன செய்கிறது என்று வெளிநாட்டில் ஆராய விரும்பும் நம் பிள்ளைக்கு இது நேரே தடையாகும். இதை எதிர்த்துக் குரல் எழுந்தது, எழவேண்டியதும் முறையே. தமிழ்நாடு அரசு அண்ணல் அம்பேத்கர் பெயரில் நடத்தும் அயல்நாட்டு உயர்கல்வி உதவித்தொகையும் உண்டு. ஒன்றில் கதவடைத்தால் மற்றொன்றைத் தட்டலாம்.

திட்டங்கள் இத்தனை இருக்க, நம்மவர் ஏன் நடுவில் நிற்கின்றனர்? மேட்டூரில் தண்ணீர் திறந்தாயிற்று என்று செய்தித்தாள் எழுதும். கடைமடை வயலுக்கு வந்துசேர எத்தனை நாளாகும் என்பதை வேதாரண்யத்தானைக் கேட்டால் தெரியும். உதவித்தொகையும் அவ்வாறே. 2025-ஆம் ஆண்டு தேசிய அயல்நாட்டு உதவித்தொகைக்குத் தேர்ந்த 106 பேரில் 40 பேருக்கே முதலில் கடிதம் வந்தது. எஞ்சியோர்க்கு நிதி இருந்தால் பார்ப்போம் என்றனர். ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராயிருந்த ரோகித் வெமுலா 2016 ஜனவரியில் உயிர் நீத்தபோது, அவருக்கு ஏழு மாத உதவித்தொகை வரவேண்டியிருந்தது. ஏழு மாதம் கையில் காசின்றி விடுதியில் இருப்பது என்னவென்று, வீட்டிலிருந்து பணம் வரக்கூடியவர் அறியார். நம் வீட்டிலிருந்து வராது. மாறாக, நம் வீட்டார் அந்த உதவித்தொகையிலிருந்து ஒரு பகுதியை எதிர்பார்த்திருப்பர். தங்கையின் திருமணமும் அப்பாவின் மருந்தும் அதில்தான் நடக்கின்றன. பிந்தைய ஆய்வு என்று மேலும் ஈராண்டு கேட்கும் மகனை, "இத்தனை படித்தும் இன்னும் படிப்பா?" என்று தாய் கேட்டால் அதில் தவறு காண இயலாது. அவள் குறுவைக்கு வாங்கிய கடனைச் சம்பாவில் அடைத்து வாழ்ந்தவள்.

ஆகவே கழகத்தின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். கழகம் இதுகாறும் பள்ளிப் பிள்ளைகளுக்கே நோட்டும் கட்டணமும் தந்து வந்திருக்கிறது. அது தொடரட்டும். அதனோடு, உதவித்தொகை உறுதியாகியும் பணம் வந்துசேராத ஆய்வு மாணவர்க்கு, வரும்வரை திங்கள்தோறும் ஒரு தொகையை வட்டியின்றிக் கடனாகத் தரும் சிறு நிதியொன்றை இவ்வெள்ளிவிழா ஆண்டில் தொடங்கலாம். நிலுவை வந்ததும் அவர் திருப்பிச் செலுத்துவார். அதே பணம் அடுத்தவர்க்குச் செல்லும். வங்கி ஈடு கேட்கும்; நாம் உதவித்தொகை ஆணையின் படியை மட்டும் கேட்போம். பணியில் உள்ள உறுப்பினர் ஒரு நாள் ஊதியம் அளித்தாலே தொடக்கத்திற்குப் போதும் என்று பொருளாளர் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார். எத்தனை மாதம் வரை தருவது, எவர் பிணை நிற்பது, வெளிநாடு செல்வோர்க்கு விமானக் கட்டணமும் இதிலிருந்து கொடுக்கலாமா என்பனவற்றைப் பிற்பகல் கூடும் பொதுக்குழு முடிவு செய்யட்டும். பெயர் தர விரும்புவோர் வாயிலில் வைத்துள்ள ஏட்டில் எழுதலாம்.